வெய்யில் எறிக்குதெண்டு இந்தப் பெட்டிக்கு ஆர் சொல்லுறது? சோலார் சுடுதண்ணீர் பம்புக்கு வீட்டிலேயே கொன்ட்ரோலர்

குளியலறைச் சுவரில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைப் பூட்டி முடித்த அன்று, அம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு கேட்டார்: “தம்பி, வெய்யில் எறிக்குதெண்டு இந்தப் பெட்டிக்கு ஆர் சொல்லுறது?” அதற்கு முன்பு எத்தனையோ பேருக்கு இந்த விஷயத்தை விளங்கப்படுத்தியிருக்கிறேன், ஒருவரும் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. அதற்கு ஒருவரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வெய்யில், மழை, மணி எத்தனை, எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்தது இரண்டு இலக்கங்களும் ஒரு கழித்தல் கணக்கும்தான். அந்தக் கழித்தலை வடிவாகப் பிடித்துக்கொண்டால் இந்தக் கொன்ட்ரோலரை நீங்களும் வீட்டில் செய்யலாம்.

யாழ்ப்பாணத்து வெக்கையில் சுடுதண்ணீர் எதற்கென்று கேட்பவர்களுக்கு: மார்கழி, தை விடியற்காலையில் மூட்டு நோவோடு எழும்புகிற வயதானவர்களைக் கேளுங்கள், பிள்ளை பெற்ற வீட்டில் முப்பத்தோராம் நாள் வரை அடுப்பில் எத்தனை பானை ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஊமலும் கங்குமட்டையும் பொச்சும் எரித்துத்தான் தண்ணீர் சுட வைத்தோம், பிறகு காஸ், பிறகு 2022இல் காஸும் இல்லை கரண்டும் இல்லை. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். முற்றத்தில் வெய்யில் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு வாளி சுடுதண்ணீருக்கு அல்லாடினோம். அப்போது தொடங்கியதுதான் இது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு லீட்டர் தண்ணீரை ஒரு பாகை கூட்ட 4.186 கிலோயூல் வேண்டும். 150 லீட்டரை 20 பாகை கூட்டினால், அதாவது கிணற்றுத் தண்ணீரின் 28 பாகையிலிருந்து 48க்குக் கொண்டுபோனால், ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு. நல்ல வெய்யில் நாளில் ஒரு சதுர மீற்றரில் 5 யூனிட் அளவுக்குச் சூரிய சக்தி விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதுர மீற்றர்ப் பெட்டி அதில் 40 வீதத்தைப் பிடித்தாலே 4 யூனிட் வந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு அது போதும்.

பெட்டி என்று நான் சொல்வது மின்சாரம் எடுக்கிற சோலார் பனலை இல்லை. கறுப்புத் தகட்டில் செப்புக் குழாயை ஒட்டி, அடியில் சூடு போகாமல் பஞ்சு வைத்து, மேலே கண்ணாடி மூடியது. குழப்பம் வராமல் இனிக் கண்ணாடிப்பெட்டி என்றே எழுதுகிறேன். தண்ணீர் அதற்குள் போய்ச் சூடாகி, சூடு தங்கும்படி போர்த்திய ஒரு தாங்கிக்குத் திரும்பி வரவேண்டும். தாங்கியைக் கண்ணாடிப்பெட்டிக்கு மேலே வைத்தால் பம்பே தேவையில்லை: சூடான தண்ணீர் பாரம் குறைந்து தானாக மேலே ஏறும், குளிர்ந்தது தானாகக் கீழே இறங்கும். கடையில் வாங்குகிற, தலையில் உருளைத் தாங்கி படுத்திருக்கும் சோலார் கீசர் எல்லாம் இந்த வகைதான். உங்கள் வீடு பிளாட் போட்ட, அதாவது கொங்கிரீட் கூரை வீடு என்றால் அதையே வையுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது. எங்களுடையது பனஞ்சிலாகை போட்ட ஓட்டு வீடு. தண்ணீரே 150 கிலோ, தாங்கியோடு சேர்த்தால் இன்னும் கூட, அதை ஓட்டுக்கு மேலே ஏற்ற எந்த மேசனும் சம்மதிக்க மாட்டார். கண்ணாடிப்பெட்டியை மட்டும் இரும்புச் சட்டத்தில் கூரையின் தெற்குப் பக்கம் ஏற்றினோம், தாங்கி குளியலறைக்குப் பின்னால் நிலத்தில் நிற்கிறது. இப்போது சூடு மேலே, தாங்கி கீழே. தண்ணீரைப் பம்ப் ஒன்றுதான் சுற்றவைக்க வேண்டும், அந்தப் பம்பை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

கையால் சுவிட்ச் போடலாம், மறந்துபோகும் வரை. ரைமர் வைத்துக் காலை 9 முதல் மாலை 4 வரை ஓடவிடலாம், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் நாள் முழுக்க மூடிக் கிடக்கும்போதும் அது ஓடும், தாங்கியில் நேற்று மிஞ்சிய சூட்டைக் கூரைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரும். வெளிச்சத்தை உணரும் சென்சர் வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது வெய்யில் இருக்கிறதா என்று சொல்லும், தாங்கி எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று சொல்லாது. பின்னேரம் நாலரை மணி வெய்யிலில் கண்ணாடிப்பெட்டி 45 பாகைக்குத்தான் சூடாகும், தாங்கி ஏற்கெனவே 52இல் நின்றால் அந்த வெய்யில் உங்களுக்கு நட்டம்.

நான் முதலில் செய்ததும் இதே பிழைதான். கண்ணாடிப்பெட்டி 45 பாகையைத் தாண்டினால் பம்ப் ஓடட்டும் என்று ஒரு தேர்மோஸ்ரற் வைத்தேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் தண்ணீரை முழுவதும் பாவித்து முடித்தோம், தாங்கி குளிர்ந்தே இருந்தது. பிறகு வீட்டில் ஆட்கள் இல்லாத ஒரு சனி ஞாயிறு, தாங்கி 55க்கு ஏறி நின்றிருக்கிறது. மேகம் வந்து கண்ணாடிப்பெட்டி 47க்கு இறங்கியபோதும் 45க்கு மேலேதானே என்று பம்ப் சுற்றிக்கொண்டே இருந்தது. திங்கள் காலையில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி “கண்ணாடிப்பெட்டி சூடா?” என்பதில்லை, “கண்ணாடிப்பெட்டி தாங்கியைவிடச் சூடா, எவ்வளவு கூட?” என்பது. மேலே ஒரு சென்சர், கீழே ஒரு சென்சர், மேலேயிருந்து கீழேயைக் கழி. 40 பாகைக் கண்ணாடிப்பெட்டியும் 28 பாகைத் தாங்கியும் என்றால் வித்தியாசம் 12, ஓடவேண்டும். 60 பாகைக் கண்ணாடிப்பெட்டியும் 61 பாகைத் தாங்கியும் என்றால், வெய்யில் மண்டையைப் பிளந்தாலும் ஓடக்கூடாது.

சரி, வித்தியாசம் எத்தனை வந்தால் போடுவது? இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இடறுகிறார்கள். 5 பாகைக்கு மேலே போனால் ஓடு, 5க்குக் கீழே வந்தால் நில் என்று ஒரே இலக்கத்தை வைத்தால் என்ன நடக்கும்? வித்தியாசம் 5 ஆனதும் பம்ப் ஓடும், குழாயில் நின்ற குளிர்ந்த தண்ணீர் கண்ணாடிப்பெட்டிக்குள் போகும், மேலே இருக்கிற சென்சர் சட்டென்று 4 பாகை இறங்கும், பம்ப் நிற்கும், ஒரு நிமிடத்தில் திரும்பச் சூடாகும், திரும்ப ஓடும். பம்பைப் போட்டு நிறுத்துகிற மின் சுவிட்ச்சான ரிலே நாள் முழுக்க டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும், கொஞ்ச நாளில் ரிலேயும் போகும் பம்பும் போகும்.

உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டரை நினைத்துப் பாருங்கள். மேலே இருக்கிற தாங்கிக்கு மிதவை சுவிட்ச் போட்டிருந்தால், தண்ணீர் அடிக்கு இறங்கினால்தான் மோட்டர் போடும், விளிம்புக்கு ஏறினால்தான் நிறுத்தும். நடுவில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும் அதற்குக் கவலையில்லை, ஓடிக்கொண்டிருந்தால் ஓடும், நின்றிருந்தால் நிற்கும். ஒரு செம்பு தண்ணீர் அள்ளியதும் மோட்டர் போட்டால் அந்த மோட்டர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எங்கள் கொன்ட்ரோலருக்கும் இதே இரண்டு மட்டம் வேண்டும்.

நான் வைத்திருப்பது 8உம் 3உம். பம்ப் நின்றுகொண்டிருந்தால், வித்தியாசம் 8 ஆகும்வரை பொறு, ஆனதும் போடு. ஓடிக்கொண்டிருந்தால், 3க்கு இறங்கும்வரை ஓடு, இறங்கியதும் நிறுத்து. 3க்கும் 8க்கும் நடுவில் இருந்தால் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருந்தாயோ அதையே செய். புரோகிராமின் மூளை முழுவதும் இந்த மூன்று வசனம்தான். இதோடு, ஓடத் தொடங்கினால் குறைந்தது 2 நிமிடம் ஓடவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன், அந்த முதல் குளிர்ந்த தண்ணீரைக் கண்டு ஏமாறாமல் இருப்பதற்காக.

ஏன் 3இல் நிறுத்த வேண்டும், 1 வரைக்கும் ஓடினால் என்ன என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 3 லீட்டர் சுற்றுகிறது என்று வையுங்கள், 2 பாகை வித்தியாசத்திலேயே கிட்டத்தட்ட 420 வாட் சூடு கீழே வருகிறது, பம்ப் தின்பது 18 வாட் அளவு. அந்தக் கணக்கில் இலாபம்தான். ஆனால் நாங்கள் பாவிக்கிற சென்சர் ஒவ்வொன்றும் அரைப் பாகை அங்கே இங்கே பிழைக்கும், இரண்டும் எதிரெதிராகப் பிழைத்தால் ஒரு பாகை போய்விட்டது, வழியில் குழாயும் கொஞ்சம் சூட்டை விடும். 3 என்பது அந்தப் பிழைக்கெல்லாம் இடம் விட்ட இலக்கம். உங்கள் குழாய் நீளம் கூட என்றால் 4 வையுங்கள், மேலேயுள்ளதையும் 10 ஆக்குங்கள்.

சென்சர் வைக்கிற இடம், என்னைக் கேட்டால், புரோகிராமைவிட முக்கியம். தாங்கிக்குள் சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் அடுக்காக நிற்கும், மேலுக்கும் கீழுக்கும் 15, 20 பாகை வித்தியாசம் இருக்கும். பம்ப் உறிஞ்சுவது அடித் தண்ணீரை. ஆகவே சென்சரும் அடியில்தான், பம்புக்குப் போகிற வாய்க்குப் பக்கத்தில். மேலே வைத்தால் அடியில் பாதித் தாங்கி குளிர்ந்து கிடக்கும்போதே வேலை முடிந்தது என்று கொன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். கண்ணாடிப்பெட்டியில், சூடான தண்ணீர் வெளியேறும் மூலையில், கண்ணாடிக்கு உள்ளேயே, கறுப்புத் தகட்டையோ செப்புக் குழாயையோ ஒட்டி இறுக்கிக் கட்டுங்கள். சுகமாக இருக்கிறதென்று வெளியே வந்த குழாயில் கட்டாதீர்கள். பம்ப் நிற்கும்போது அந்தக் குழாயில் தண்ணீர் அசையாது, உள்ளே கொதித்தாலும் வெளிக் குழாய்க்கு அது தெரியாது, பம்ப் ஓடவே ஓடாது.

சாமான்களுக்கு வருவோம். சென்சருக்கு டிஎஸ்18பி20 என்று கேளுங்கள், துருப்பிடிக்காத உருக்குக் குழாய்க்குள் அடைத்து வயரோடு வருவதை வாங்குங்கள். மைனஸ் 55 முதல் 125 பாகை வரை அளக்கும், இலக்கமாகவே விடை தரும், இரண்டையும் ஒரே வயரில் தொடுக்கலாம், அந்த வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் தடை ஒன்று மட்டும் போடவேண்டும். மூளைக்கு, புரோகிராம் ஏற்றி ஓடவிடுகிற சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ, ஊனோ அல்லது நானோ வகை. பம்பைப் போட ஒரு ரிலே மொடியூல். இவை யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கிடைக்கும். புரோகிராம் எழுதப் பயம் என்றால், சூட்டுக்கு ஏற்ப தடை மாறுகிற தேர்மிஸ்டர் இரண்டும் எல்எம்393 என்கிற ஒப்பிடும் சிப்பும் வைத்து, ஒரு ஆர்டுயினோவும் இல்லாமல் இதே வேலையைச் செய்யலாம், போடுகிற மட்டத்துக்கும் நிறுத்துகிற மட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒரு தடை தீர்மானிக்கும். எனக்கு ஆர்டுயினோ பிடிப்பதன் காரணம், இலக்கத்தை மாற்ற ஈயம் உருக்கத் தேவையில்லை.

பம்புக்கு 12 வோல்ட் டிசி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈரச் சுவரும் வெறுங்காலும் இருக்கிற இடத்தில் 230 வோல்ட்டை நீங்களே வயர் இழுத்துக் கட்டாதீர்கள். 12 வோல்ட்டில் சுடுதண்ணீருக்கென்றே செய்த சுற்றுப் பம்ப் கிடைக்கும், வாங்கும்போது எத்தனை பாகை தாங்கும் என்று பெட்டியில் பாருங்கள், மீன்தொட்டிப் பம்ப் இந்தச் சூட்டில் இளகிவிடும். பம்பைத் தாங்கியின் அடியிலிருந்து மேலே போகிற குளிர்ப் பக்கத்தில் பூட்டினால் அதன் ஆயுசும் கூடும். 12 வோல்ட்டில் இன்னொரு நன்மை: கரண்ட் போனாலும் ஒரு பற்றரியிலிருந்து ஓடும். 90களில் கரண்டே இல்லாமல் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது, எங்களுக்கு இதைப் பெரிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. நடுப்பகலில் கரண்ட் போய்ப் பம்ப் நின்றால் கண்ணாடிப்பெட்டிக்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகும், ஆகவே பற்றரி இங்கே வெறும் வசதி மட்டும் இல்லை.

ஒரு நாள் அணில் ஒன்று தாங்கிச் சென்சரின் வயரைக் கடித்துவிட்டது. காலையில் தாங்கி குளிர்ந்து கிடக்கிறது, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டரில் தொடுத்துப் பார்த்தால் தாங்கியின் சூடு மைனஸ் 127 பாகை. சென்சரோடு தொடர்பு அறுந்தால் அந்தச் சென்சரை வாசிக்க ஆர்டுயினோவுக்கு ஆயத்தமாக எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு (நூலகம்) கொடுக்கிற அடையாள இலக்கம் அது, என் புரோகிராம் அதை உண்மையான சூடு என்று நம்பி, கூரையின் 24இலிருந்து மைனஸ் 127ஐக் கழித்து, வித்தியாசம் 151 பாகை, ஓடு ஓடு என்று இரவு முழுக்க ஓடவிட்டிருக்கிறது. இதே சென்சர் கரண்ட் வந்த உடனே, அளந்து முடிப்பதற்கு முதல் வாசித்தால் 85 என்று சொல்லும், அதுவும் பொய். அன்றிலிருந்து என் புரோகிராமின் முதல் வரி: எந்தச் சென்சராவது 0க்குக் கீழேயோ 120க்கு மேலேயோ சொன்னால் பம்பை நிறுத்து, சிவப்பு லைட்டை மினுக்கு. யாழ்ப்பாணத்தில் தண்ணீர் 0 பாகைக்குப் போகப்போவதில்லை, ஆகவே இந்த எல்லையை நாங்கள் தைரியமாக வைக்கலாம். குளிர் நாட்டுக்காரர்கள் தண்ணீர் உறையாமல் இருக்க கிளைக்கோல் ஊற்றுகிறார்கள், கொன்ட்ரோலரில் அதற்கென்று தனி ஏற்பாடும் வைக்கிறார்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பா அனுப்பிய வரைபடத்தில் பாதி அதுதான், அதை முழுவதும் வெட்டினேன்.

இன்னும் இரண்டு எல்லை வேண்டும். தாங்கி 65 பாகையைத் தொட்டால் வித்தியாசம் எத்தனை இருந்தாலும் பம்ப் நிற்கட்டும், 60 பாகைத் தண்ணீர் சில வினாடிகளில் தோலை வேகவைத்துவிடும், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். குளியலறைக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் கலந்து வரும்படி செய்யுங்கள். மற்றது, கண்ணாடிப்பெட்டி 95க்கு மேலே போய்விட்டால் பம்பைப் போடாதே, அது ஆறட்டும். கொதிக்கிற செப்புக்குள் குளிர்ந்த தண்ணீரைத் தள்ளினால் ஆவி சீறும், இணைப்புகள் விட்டுக்கொடுக்கும். இந்தக் காரணத்துக்காகவே கண்ணாடிப்பெட்டியின் உச்சியில் காற்றும் ஆவியும் வெளியேற வால்வு கட்டாயம், தாங்கியிலும் அழுத்தம் வெளியேற ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்த வாயை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் காலையில் தாங்கி ஆறியிருந்தால் கொன்ட்ரோலரைத் திட்டாதீர்கள், குழாயைப் பாருங்கள். எங்கள் அமைப்பில் தாங்கி கீழே, கண்ணாடிப்பெட்டி மேலே. இரவில் மேலே இருக்கிற தண்ணீர் குளிர்ந்து பாரமாகித் தானாகக் கீழே இறங்கும், தாங்கியின் சூடு தண்ணீர் அதன் இடத்துக்கு ஏறும், பம்ப் நின்றிருந்தாலும் சுற்று மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் விடுகிற வால்வு ஒன்றைப் பம்புக்கு அடுத்ததாகப் பூட்டினால் இது நின்றுவிடும்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரிலும் அது கரைந்தே வருகிறது, உங்கள் கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். சூடு கூடக் கூட அந்தப் படிவும் கூடும், மெல்லிய செப்புக் குழாயில் அது ஏறினால் சில வருடங்களில் தண்ணீர் ஓட்டம் குறையும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் தாங்கிக்குள் ஒரு செப்புச் சுருளை வைத்து, கண்ணாடிப்பெட்டிக்கும் சுருளுக்கும் நடுவில் மாரியில் பிடித்த மழைத் தண்ணீரை மட்டும் சுற்றவிடுங்கள். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, குளிக்கிற கிணற்றுத் தண்ணீர் சுருளுக்கு வெளியே நின்று சூடாகும். சுற்று மூடியதாக இருப்பதால் தண்ணீர் சூட்டில் விரிய ஒரு சின்ன விரிவுத் தாங்கி வேண்டும், கொன்ட்ரோலரில் ஒரு வரிகூட மாறாது. குழாய்க்கு சாதாரண பிவிசி வேண்டாம், 60 பாகையிலேயே தளர்ந்துவிடும். கண்ணாடிப்பெட்டிப் பக்கம் செப்பு.

கண்ணாடிப்பெட்டியைத் தெற்கே பார்க்க 20 பாகை சாய்த்திருக்கிறேன். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மத்தியானச் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும், பிறகு ஆவணி வரை வடக்கே போய்விடும், அந்த மாதங்களில் இந்தச் சாய்வு கொஞ்சம் நட்டம்தான். ஆனால் சுடுதண்ணீர் தேவைப்படுவது தை மாசியில், அப்போது சூரியன் தெற்கே.

கூரைக்கு ஏற முதல் மேசையில் சோதியுங்கள். இரண்டு சென்சரையும் ஒரே கோப்பைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் போட்டு, இரண்டும் எவ்வளவு வேறுபட்டுக் காட்டுகின்றன என்று எழுதிவைத்து, அந்த அளவைப் புரோகிராமில் கழித்துவிடுங்கள். பிறகு இரண்டு கோப்பை: ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், தாங்கிச் சென்சர் அதில் இருக்கட்டும். மற்றதிலும் கிணற்றுத் தண்ணீர்தான், அதில் மேல் சென்சரைப் போட்டு, கேத்திலிலிருந்து சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். வித்தியாசம் 8ஐத் தொட்டதும் ரிலே டிக் என்று சொல்லவேண்டும். அப்படியே ஆறவிட்டால் 7இலும் 5இலும் சத்தமே வரக்கூடாது, 3இல்தான் அடுத்த டிக். கடைசியாக ஒரு சென்சரின் வயரைக் கழற்றுங்கள், ரிலே விழுந்து சிவப்பு லைட் மினுங்க வேண்டும். அம்மம்மா இந்தச் சோதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தார், இரண்டாவது டிக்குக்குப் பிறகு கேத்திலைத் தானே வாங்கி இன்னொரு தரம் ஊற்றிப் பார்த்தார்.